நெட் "வரல"ன்னா ஈஸி, "வருது, ஆனா..."ன்னா தான் வேலை: அறிகுறிய வச்சு லைன் கோளாறு பிடிக்கிற வழி

ராத்திரி ஒன்பதரைக்கு போன் வரும், எடுத்தா "நெட் வரலைங்க"ன்னு ரெண்டே வார்த்தை. எனக்கு அது நிம்மதியான கம்ப்ளைன்ட். சுத்தமா செத்துப்போன லைனை அரை மணி நேரத்துல பிடிச்சிரலாம், வயர் அறுந்திருக்கும் இல்ல அடாப்டர் போயிருக்கும், அவ்ளோதான். "வருதுங்க, ஆனா..."ன்னு இழுப்பாங்க பாருங்க, அங்கதான் நமக்கு ஆப்பு. அரை உயிரா ஓடுற லைன் ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுக்கும். ஈரோடு, பள்ளிபாளையம் பக்கம் பதினாறு வருஷமா கேபிள் இழுக்குறேன், ஃபைபர், கேமரா, தறிக்கூடத்துல மீட்டர் லைன்னு எல்லாம் பாத்தாச்சு, அதுல கத்துக்கிட்டத இங்க போடுறேன்.

முதல்ல ஒரு விஷயம். கோளாறுன்னதும் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. ஆன் பண்ணா ஓடும், ஆனா எது தப்புன்னு காட்டிக்கொடுக்குற லைட்டு, லாக் எல்லாம் அதோட போயிரும், நாளைக்கு திரும்ப அதே கதை. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி முன்பக்க லைட்டு எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

எந்த டேட்டாவா இருந்தாலும் வழியில ஏதாவது ஒரு உருவம் எடுத்துத்தான் போகணும். ஃபைபர்ல வெளிச்சமா போகுது, லேன் வயர்ல கரண்டா போகுது, வைஃபைல ரேடியோ அலையா போகுது. மூணுக்கும் வர்ற நோய் வேற வேற. அதனால எந்தத் துண்டுல கோளாறுன்னு பிரிக்கிறதுதான் முதல் வேலை. நல்ல லேன் வயர் ஒண்ணை மோடத்துல இருந்து நேரா லேப்டாப்ல சொருகி, மோடத்தோட அட்ரஸுக்கு பிங் (சின்ன டேட்டா ஒண்ணை அனுப்பி பதில் வருதான்னு பாக்குற கட்டளை) போடுங்க, நெறைய வீட்டுல 192.168.1.1 தான், இல்லன்னா மோடம் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். அது சுத்தமா வந்தா அடுத்து 8.8.8.8க்கு, அதாவது வெளிய இருக்குற கூகுள் சர்வருக்கு போடுங்க. முதலாவது வருது ரெண்டாவது வரலைன்னா கோளாறு மோடத்துக்கு வெளிய, ஃபைபர் இல்ல கம்பெனி பக்கம். ரெண்டும் வருது, போன்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்குன்னா வைஃபை. நாலு பிங் போட்டுட்டு "ஓகே சார்"னு எந்திரிச்சு போறவனை நம்பாதீங்க, நூறாவது போடணும். நூத்துல மூணு காணோம்னா அதுதான் நான் சொன்ன அரை உயிர் கேஸ்.

லாஸ் லைட் (மோடத்துல LOSனு போட்டிருக்கும்) செவப்பா மினுக்குது

இது செத்த கேஸ், சீக்கிரம் முடிச்சிரலாம். மோடத்துக்கு வெளிச்சமே வந்து சேரலன்னு அர்த்தம். ரோட்டுல ஜேசிபி தோண்டியிருப்பான், லோடு லாரி கம்பத்துக்கு கம்பம் தொங்குற கேபிளை இழுத்துட்டுப் போயிருக்கும், இல்ல அணில் கடிச்சிருக்கும். வீட்டுக்குள்ள நீங்க பாக்கக்கூடியது ஒண்ணுதான், மோடம் பின்னாடி இருக்குற பச்சை கனெக்டர் 'டிக்'குன்னு முழுசா உக்காந்திருக்கா. அதுக்காக அதைக் கழட்டி கண்ணுகிட்ட வச்சு "லைட் வருதா"ன்னு பாக்காதீங்க. உள்ள வர்றது 1490 நானோமீட்டர் வெளிச்சம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தெரியலைங்கறதுக்காக அது இல்லைன்னு ஆகிடாது.

செவப்பு எரியல, ஆனா நெட் விட்டு விட்டு போகுது

மோடம் செட்டிங் பேஜுக்குள்ள போனா ஆப்டிகல் பவர்னு ஒரு நம்பர் இருக்கும், மைனஸ் போட்டு டிபிஎம்ல. இந்த ஒரு நம்பரைப் படிக்கத் தெரிஞ்சா பாதி சண்டை தீந்துது. 0 டிபிஎம்னா ஒரு மில்லிவாட். அதுல இருந்து 3 எறங்கினா வெளிச்சம் பாதி, 10 எறங்கினா பத்துல ஒரு பங்கு. அப்ப -20ன்னா மில்லிவாட்ல நூத்துல ஒண்ணு, -27ன்னா ஐநூத்துல ஒண்ணு. வீட்டுல இருக்குற சாதாரண ஜிபான் (ஒரே ஃபைபரை பல வீட்டுக்கு பிரிக்கிற முறை) மோடம் -8ல இருந்து -27 வரைக்கும் தாங்கும்னு கணக்கு. -18, -20, -22 எல்லாம் சௌக்கியம். -26 தாண்டிருச்சுன்னா மழை பெஞ்சாலும் போகும், வெயில் அடிச்சாலும் போகும்.

இவ்ளோ வெளிச்சம் எங்க கொறையுதுன்னா, பெரும்பாலும் தூரத்துல இல்ல. ஃபைபர்ல கிலோமீட்டருக்கு 0.35 டிபி (அந்த டிபிஎம் நம்பர் எவ்ளோ எறங்குதுங்கற அளவு) கூட போகாது. தெருமுனை டப்பாவுல ஒரு இழைய எட்டு வீட்டுக்கு பிரிக்கிறாங்கல்ல, அந்த ஸ்ப்ளிட்டர் ஒண்ணே பத்து டிபி கிட்ட சாப்பிட்டுரும், ஆனா அது கணக்குல ஏற்கனவே இருக்குற செலவு. கணக்குல இல்லாத செலவுதான் நம்ம எதிரி: மடிப்பு, அழுக்கு, தப்பான கனெக்டர்.

போன வருஷம் ஒரு வீட்டுல மோடம் -28.4 காட்டுது, லாஸ் லைட் எரியல, ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா நெட் போகுது. அவரு ரெண்டு தடவை ரௌட்டர் மாத்திட்டாரு, சொந்தக் காசுல. நான் வெளிய டப்பாவுல மீட்டர் வச்சுப் பாத்தா -19.2. நடுவுல இருக்குறது வெறும் அறுபது மீட்டர் கேபிள், அதுல 9 டிபி போகுதுன்னா வெளிச்சத்துல எட்டுல ஏழு பங்கு வீட்டுக்குள்ளயே எங்கயோ கொட்டுது. சுவத்தை ஒட்டி கேபிளைத் தடவிக்கிட்டே போனேன், பெட்ரூம்ல ஒரு இரும்பு பீரோ. வெள்ளையடிச்சப்போ நகத்திட்டு திரும்ப வைக்கும்போது பீரோ கால் கேபிள் மேல ஏறிருச்சு. பீரோவை ரெண்டு பேரா தூக்கி நகத்தி, நசுங்கின இடத்தை வெட்டி ஜாயின்ட் போட்டு பாத்தா -19.5. வெளிச்சம் கண்ணாடி இழைக்குள்ள சுவத்துல மோதி மோதி போறது நேரா இருக்குற வரைக்கும்தான், கூர்மையா மடிச்சா அந்த எடத்துல வெளிய கசிஞ்சிரும். அதனால மிச்ச கேபிளை சுருட்டி வைக்கும்போது சின்ன தட்டு அளவுக்காவது வட்டம் விடுங்க, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காதீங்க.

கனெக்டர்ல பச்சையும் நீலமும் இருக்கும், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நல்லாவே சொருகும், அதான் வினை. பச்சையோட முனை எட்டு டிகிரி சாய்வா தீட்டினது, நீலம் நேரா இருக்கும். ரெண்டையும் சேர்த்தா நடுவுல காத்து இடைவெளி விழுந்து, வெளிச்சம் நெறைய அங்கயே வீணாப்போகும், கொஞ்சம் திரும்பியும் ஓடும். பச்சைக்கு பச்சை.

பிளான் 200, எப்ப டெஸ்ட் பண்ணாலும் 94

80ம் இல்ல 110ம் இல்ல, 94, 94, 95ன்னு அடிச்சு வச்ச மாதிரி வருதா? கம்பெனிக்காரனைத் திட்டாதீங்க, உங்க வயர் 100ல ஓடுது. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல ஹெட்டர் செலவெல்லாம் போக கையில மிஞ்சுறது அவ்ளோதான். லேன் வயருக்குள்ள நாலு ஜோடி இருக்கு. 100 ஸ்பீடுக்கு 1, 2, 3, 6 நாலு பின்னு போதும், ரெண்டே ஜோடி. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலத்துலயோ பிரௌன்லயோ ஒரே ஒரு வயர் விட்டுப்போனா ரெண்டு பக்கமும் பேசிப் பாத்துட்டு சத்தமில்லாம 100க்கு எறங்கிரும், எர்ரரே வராது. கனெக்டரை வெட்டிட்டு புதுசா அடிங்க, பத்துல எட்டு தடவை சரியாயிரும். நடுவுல பழைய 100 ஸ்விட்ச் ஏதாவது பீரோ மேல தூசியோட உக்காந்திருக்கான்னும் பாருங்க. இடி இடிச்ச மறுநாள்ல இருந்துதான் இப்படின்னா போர்ட்டே அடி வாங்கியிருக்கும், வேற போர்ட்ல சொருகுங்க.

இன்னொண்ணு, "200 போட்டிருக்கேன், டவுன்லோட்ல 24 தான் காட்டுது"ன்னு வாரத்துக்கு ஒருத்தர் கேப்பாரு. பிளான் பிட்டுல, டவுன்லோட் பைட்டுல. எட்டால வகுத்துக்கோங்க, கோளாறே இல்ல.

லேன் வயர் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது, ஆனா லைன் நாறுது

இதுதான் எனக்குப் பிடிச்ச கேஸ், ஏன்னா டெஸ்டரே பொய் சொல்லும். எங்கிட்ட புதுசா சேந்த தம்பி ஒருத்தன் ஒரு ஆபீஸ்ல பன்னெண்டு பாயின்ட் கிரிம்ப் பண்ணிட்டு (வயர் முனைல கனெக்டர் அடிச்சுட்டு) வந்தான். கிட்ட இருந்த சிஸ்டம் எல்லாம் ஓடுது, நாப்பது மீட்டர் தள்ளி இருக்குறது எல்லாம் இழுக்குது, ஃபைல் காப்பி பண்ணா பாதில நிக்குது. டெஸ்டர்ல போட்டா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் கிளி மாதிரி வரிசையா எரியுது. "ணா, நான் சரியாத்தான் அடிச்சேன், பாருங்க"ங்கறான், முகமே வாடிப்போச்சு அவனுக்கு.

கனெக்டரைத் திருப்பி வெளிச்சத்துல பாத்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரௌன், பிரௌன். ஜோடி ஜோடியா, கோலம் மாதிரி அழகா வச்சிருக்கான். ரெண்டு முனையும் அதே மாதிரி இருக்குறதால ஒண்ணு ஒண்ணுக்குப் போகுது, எட்டு எட்டுக்குப் போகுது, டெஸ்டருக்கு அது போதும். ஆனா சிக்னலுக்கு அது போதாது.

ஏன்னா லேன் வயர்ல ஜோடி முறுக்கி இருக்குறது அழகுக்கு இல்ல. ஒரு ஜோடில ஒரு வயர்ல மேல போற வோல்டேஜ் இன்னொண்ணுல கீழ போகும், வாங்குற பக்கம் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கும். பக்கத்துல மோட்டார் ஓடி நாய்ஸ் வந்தா ரெண்டு வயர்லயும் ஒரே அளவு ஏறும், வித்தியாசம் பாக்கும்போது கழிஞ்சு போயிரும். முறுக்கி இருந்தாத்தான் ரெண்டுலயும் ஒரே அளவு ஏறும். இப்ப 3ம் 6ம் ஒரு சிக்னல் ஜோடி. தம்பி அடிச்சதுல 3ல வெள்ளைப் பச்சை, 6ல நீலம். வேற வேற முறுக்குல இருக்குற ரெண்டு வயரைப் பிடிச்சு ஜோடின்னு சொன்னா அது எங்க ஜோடியா நடந்துக்கும்? நாய்ஸும் கழியாது, பக்கத்து ஜோடிக்கும் சத்தம் கசியும். ரெண்டு மீட்டர்ல தெரியாது, நாப்பது மீட்டர்ல பல்லைக் காட்டிரும்.

சரியான வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரௌன், பிரௌன். பச்சை ஜோடி நடுவுல நீலத்தை விட்டுக்குடுத்து ரெண்டு பக்கமும் நிக்கும், ஏன்னா நடு ரெண்டு பின்னு பழைய டெலிபோன் லைனுக்குன்னு விட்ட எடம். கிரிம்ப் பண்ணும்போது முறுக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க, ஒரு விரல் நீளம் பிரிச்சு உருவி வச்சிருக்குறவங்களைப் பாத்தா எனக்கு கோவம் வரும். பன்னெண்டு பாயின்ட், இருபத்தி நாலு கனெக்டர், எல்லாத்தையும் வெட்டி திரும்ப அடிச்சோம், தம்பி அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்ல.

கேமரா சாயங்காலம் ஆறரைக்கு செத்துருது, காலைல தானா உயிர் வருது

பேய் இல்ல. இருட்டினதும் கேமரா ஐஆர் லைட்டை (இருட்டுல பாக்க உதவுற இன்ஃப்ராரெட் வெளிச்சம்) போடும், கரண்ட் ரெண்டு மடங்குக்கு மேல இழுக்கும். அதே லேன் வயர்லயே 12 வோல்ட் அனுப்புற சின்ன அடாப்டர் செட்டுல இது ரொம்ப சகஜம். அறுபது மீட்டர் வயர் வச்சுக்கோங்க, செம்பா இருந்தா போக வர ரெண்டு பக்கமும் சேத்து 5 ஓம் வரும். விலை கம்மியா கிடைக்குதுன்னு வாங்குற வயர்ல பாதி, உள்ள அலுமினியம் மேல செம்பு பூச்சு, அதுக்கு ஒன்றரை மடங்கு, 7.5 ஓம். பகல்ல கால் ஆம்ப் இழுக்கும்போது ரெண்டு வோல்ட் கூட விழாது, கேமராவுக்கு பத்து வோல்ட் போகுது, ஓட்டிக்கும். ராத்திரி 0.6 ஆம்ப், நாலரை வோல்ட் வயர்லயே காலி, கேமராவுக்கு ஏழரை தான் போகுது, அது ரீஸ்டார்ட் ஆகும், லைட்டைப் போடும், திரும்ப விழும், விடிய விடிய இதே கூத்து.

அதே கேமராவை 48 வோல்ட் பிஓஇ ஸ்விட்ச்ல (லேன் வயர்லயே கரண்டும் சேத்து அனுப்புற ஸ்விட்ச்) போட்டா 0.15 ஆம்ப் தான் ஓடும், அதே மட்டமான வயர்ல கூட ஒரு வோல்ட் சொச்சம்தான் விழும். கரண்ட்டை தூரம் அனுப்ப ஏன் வோல்டேஜை ஏத்துறாங்கன்னு ஈபி லைனைப் பாத்து புரியலைன்னா இதைப் பாத்துப் புரிஞ்சுக்கலாம். வயர் செம்பான்னு பாக்க கத்தியால லேசா சுரண்டுங்க, வெள்ளையா தெரிஞ்சா கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துருங்க.

வைஃபை ஃபுல் பார், ஆனா வீடியோ சுத்துது

பார் காட்டுறது ரௌட்டர் சத்தம் உங்க போனுக்கு எவ்ளோ கேக்குதுன்னு மட்டும்தான். உங்க போன் பேசுறது ரௌட்டருக்கு கேக்குதான்னு காட்டாது, பக்கத்துல எத்தனை பேரு கத்துறாங்கன்னும் காட்டாது. கல்யாண மண்டபத்துல மேளம் அடிக்கும்போது பக்கத்துல இருக்குறவர்கிட்ட பேசுற மாதிரி, அவரு வாய் அசையுறது நல்லாத் தெரியும், வார்த்தை புரியாது. ஒரு லைன்ல எவ்ளோ டேட்டா தள்ள முடியும்ங்கறது சிக்னலை மட்டும் வச்சு இல்ல, நாய்ஸோட ஒப்பிட்டா சிக்னல் எவ்ளோ பெருசுங்கறதையும் அலைவரிசை எவ்ளோ அகலம்ங்கறதையும் வச்சுத்தான்னு ஷானன்னு ஒரு அமெரிக்க கணித மேதை 1948லயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அதை யாரும் தாண்டல.

போன்ல வைஃபை அனலைசர் ஆப் ஒண்ணு போட்டுப் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நிக்கிற சேனல் 1, 6, 11 மூணே மூணுதான். அப்பார்ட்மென்ட்ல இருபது ரௌட்டர் அந்த மூணுல தான் குடும்பம் நடத்துது. "காலியா இருக்கே"ன்னு 3ல போய் உக்காரக்கூடாது, 1க்கும் 6க்கும் ரெண்டு பக்கமும் தொல்லை, நமக்கும் தொல்லை. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைதான், சாப்பாடு சூடு பண்ற ரெண்டு நிமிஷம் மட்டும் நெட் தொங்குதுன்னா அதுதான். முடிஞ்ச வரைக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க, சுவர் தாண்டாதுன்னு எல்லாரும் குறை சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுக்காரனோடதும் சுவர் தாண்டாதுல்ல, அதுதான் அதுல லாபம். வீடியோ கால் பேச உக்கார்ற எடத்துல -67 டிபிஎம் இருந்தா தாராளம், -80ன்னா நாற்காலிய நகத்துங்க, இல்ல ரௌட்டரை டிவிக்குப் பின்னாடி இருந்து வெளிய எடுங்க.

சில்லறைக் கேஸ் மூணு

ஒருத்தர் பெரிய ஃபைல் அப்லோட் போட்டா வீட்டுல எல்லாருக்கும் கால் வெட்டுது: மேல போற வழி நிரம்பி மோடத்துல க்யூ நிக்குது. அப்லோட் ஓடும்போது பிங் போட்டுப் பாருங்க, 10 மில்லி செகண்ட் இருந்தது 400 ஆகும். ரௌட்டர்ல அப்லோட் அளவை பிளான்ல இருந்து பத்து சதவீதம் கம்மியா கட்டி வைங்க.

சில சைட் தொறக்குது, சிலது பாதில நிக்குது: யூசர்நேம் போட்டு டயல் பண்ற பிபிபிஓஇ கனெக்ஷன்ல 8 பைட் அதுக்கே போயிரும், எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1500 இல்ல, 1492 இருக்கணும். 8.8.8.8 பிங் வருது, எந்த சைட்டு பேரும் தொறக்கலன்னா டிஎன்எஸ், அதாவது சைட்டு பேரை நம்பரா மாத்திக் குடுக்குற சர்வீஸ்ல கோளாறு.

ஸ்பீட் 300, கேம்ல பிங் மட்டும் எறங்கல: கண்ணாடிக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கேம் சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா சென்னைல இருந்து கடலுக்கடியில மூவாயிரம் கிலோமீட்டர், போயிட்டு வர 30 மில்லி செகண்ட் வெளிச்சத்துக்கே ஆகும். அதுக்கு கீழ எறக்கித் தர்றேன்னு எவனாவது பிளான் வித்தா வாங்காதீங்க.

மீட்டர் லைன்: கிட்ட இருக்குறது படிக்குது, கடைசில இருக்குறது படிக்கல

இது வீட்டுக் கேஸ் இல்ல, ஆனா எங்க ஏரியாவுல நெறைய. தறிக்கூடத்துலயும் சாயப்பட்டறையிலயும் ஒவ்வொரு பேனல்லயும் ஒரு எனர்ஜி மீட்டர், எல்லாத்தையும் ரெண்டே வயர்ல கோத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு கொண்டு வர்ற ஆர்எஸ்485. ஒண்ணுமே படிக்கலைன்னா ஏ வயரும் பி வயரும் மாறியிருக்கும், மாத்திப் போடுங்க, எதுவும் எரியாது. குப்பை எழுத்தா வந்தா வேகம் ஒத்துப்போகல, ஒரு பக்கம் 9600 ஒரு பக்கம் 19200ன்னு இருக்கும், பேரிட்டியையும் (தப்பைக் கண்டுபிடிக்க சேக்குற கூடுதல் பிட்டு) பாருங்க. ரெண்டு மீட்டருக்கு ஒரே ஐடி குடுத்துட்டா ரெண்டும் ஒரே நேரத்துல பதில் சொல்லி ரெண்டும் கெட்டுரும்.

நானே பண்ணி வச்ச தப்பு வேற. பதினொரு மீட்டர், மொத்தம் இருநூறு மீட்டர் லைன், முதல் நாலு படிக்குது, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஓனர் "ஏனுங்க, வேற ஆளைப் பாக்கட்டுங்களா"ன்னு தன்மையாத்தான் கேட்டாரு, எனக்கு அடி வாங்கின மாதிரி இருந்துச்சு. லைன் முனைல 120 ஓம் ரெசிஸ்டர் போடணும்னு படிச்சிருந்தேன். கயித்தை ஒரு தூண்ல கட்டி உதறினா அலை தூண்ல மோதி திரும்பி வரும்ல, வயர்லயும் சிக்னல் முனைல மோதி திரும்பி வந்து அடுத்த பிட்டைக் கலைக்கும், அந்த அலைய அங்கயே விழுங்கத்தான் ரெசிஸ்டர். ரெண்டு முனைல மட்டும், ரெண்டே ரெண்டு. நான் நல்லதுதானேன்னு பதினொரு மீட்டர்லயும் போட்டு வச்சிருந்தேன்.

எல்லா பவரையும் ஆஃப் பண்ணிட்டு ஏக்கும் பிக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா 60 ஓம் கிட்ட காட்டணும், ரெண்டு 120 பக்கத்துல பக்கத்துல. எனக்கு 13 காட்டுச்சு. அவ்ளோ கனத்தை இழுக்க முடியாம சிக்னல் தேஞ்சு தேஞ்சு நாலாவது மீட்டரோட மூச்சு விட்டுருச்சு, வாங்குற பக்கத்துக்கு 200 மில்லிவோல்ட் வித்தியாசமாவது வேணும், அது கூட போய்ச் சேரல. இதுல கேலி என்னன்னா 9600 வேகத்துல ஒரு பிட்டு 104 மைக்ரோ செகண்ட் நிக்குது, இருநூறு மீட்டர் போய் மோதி திரும்புறதுக்கு ரெண்டு மைக்ரோ செகண்ட்தான் ஆகும், அந்த லைனுக்கு ரெசிஸ்டரே போடலைன்னா கூட ஓடியிருக்கும். ஒன்பதைக் கழட்டினேன், முனைல ரெண்டை விட்டேன், பதினொண்ணும் படிச்சுச்சு. ஓனர்கிட்ட "லூஸ் கனெக்ஷன்ங்க"ன்னு சொல்லிட்டு பில்லுல அன்னைக்கு கூலி போடல, அந்த ஒன்பதும் இன்னும் என் டூல் பாக்ஸ்ல ஒரு மாத்திரை டப்பாவுக்குள்ள கெடக்கு.